கால நீட்டும்மா

எங்க அம்மா யார் எதிரிலும் காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வேலை முடித்து வந்து வாசலில் சாயும்போதுகூட, தெருவில் யாராவது வருகிற சத்தம் கேட்டால் போதும், காலை மடக்கிப் புடவைக்குள் இழுத்துக்கொள்வாள். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சேரியில் பிறந்தவள். அங்கே ஊர்த் தெரு வழியே போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். "செருப்பு இருந்தாத்தானடி கழட்டறதுக்கு. எங்களுக்கு அந்த வேலையே வைக்கல" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

இந்தக் கட்டுரை அவளுடைய கால்களைப் பற்றியது. கால் என்றதும் நம்மில் படித்தவர்களுக்குப் புருஷ சூக்தம் ஞாபகம் வரும். பாதத்தில் பிறந்தவன் சூத்திரன் என்றும், அந்தப் பாதத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நாம் என்றும் மேடையில் பேசியிருக்கிறோம். நான் சொல்ல வந்தது வேறு கால். எலும்பும் சதையும் ரத்தக் குழாயுமாய் இருந்து, 2010-ல் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்கப்பட்ட எங்க அம்மாவின் இடது கால்.

கல்யாணமாகி அவள் பீர்க்கன்கரணைக்கு வந்தபோது ஏரிக்குக் கீழே நெல் விளைந்துகொண்டிருந்ததாம். நாத்து நட்டாள், களை பறித்தாள், அறுத்தாள். பிறகு கழனியெல்லாம் பிளாட் ஆனது. கல் நட்டு ஏதோ ஒரு ‘நகர்’ என்று பெயர் வைத்தார்கள். நாத்து நட்ட இடத்திலேயே சித்தாளாக மண் சுமந்தாள். சிமெண்ட் தண்ணியில் ஊறிக் கால் விரலிடுக்கெல்லாம் வெந்து புண்ணாகிக் கிடக்கும். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு மறுநாளும் போவாள். வயதானதும் மேஸ்திரிகள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவள் கல்லும் மண்ணும் சுமந்து எழுப்பிய அடுக்குமாடிகளிலேயே பாத்திரம் தேய்க்கப் போனாள்.

1998-ல் ஒருநாள் தேய்க்கிற இடத்திலேயே மயங்கி விழுந்தாள். பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சர்க்கரை என்றார்கள். "சக்கரயா? எனக்கா? நெய்யும் பாலுமா துன்னு வளந்தவளா நானு? அது ஊட்டுக்கார அம்மாவுக்கு வர்ற நோவாச்சே" என்று டாக்டரிடமே கேட்டாள்.

அவள் கேட்டது அப்போது எல்லாரும் கேட்ட கேள்விதான். சர்க்கரை பணக்கார வியாதி என்று நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம். அதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு, 1996-97-ல், டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் இரண்டு குடியிருப்புகளில் ஆய்வு செய்தார்கள். ஒன்று திருமங்கலத்தில் நடுத்தர வருமானக்காரர்கள் வாழ்கிற பகுதி. மற்றது தியாகராய நகரில் ஏழைகள் வாழ்கிற பகுதி. நடுத்தர வருமானக்காரர்களில் நூற்றுக்கு 12.4 பேருக்குச் சர்க்கரை, ஏழைகளில் 6.5 பேருக்கு. பத்து வருஷம் கழித்து அதே இரண்டு இடங்களுக்கும் போய் மறுபடி பார்த்தார்கள். அங்கே 15.4, இங்கே 15.3.

பாருங்கள் தோழர்களே, சமத்துவம் எங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று. நிலத்தில் வரவில்லை. சுடுகாட்டில் வரவில்லை. ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரையில் பத்தே வருஷத்தில் வந்துவிட்டது. ஆனால் நோய் சமமாக வந்ததே தவிர, நோயைப் பார்க்கிற கண் சமமாக வரவில்லை. அதைத்தான் நான் எழுத நினைக்கிறேன்.

2006, 2007 வாக்கில் அம்மா ஒரு வலியைச் சொல்ல ஆரம்பித்தாள். பெருங்களத்தூர் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் ஏறும்போது கெண்டைக்கால் சதை கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நின்றால் விட்டுவிடும். மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கும். "யாரோ உள்ள ஒக்காந்து துணி புழியற மாரி கீதுடி" என்பாள். மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கப் போகிற இடத்தில் அதைச் சொன்னாள். வயசாச்சு, மூட்டுத் தேய்மானம் என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நானும் டீச்சர் வேலை பார்க்கிறவள்தான். நானும் மூட்டுவலி என்றுதான் நினைத்தேன். தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

அது மூட்டு அல்ல, ரத்தக் குழாய் என்று இப்போது எனக்குத் தெரியும். காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனியின் உள்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து, வருஷக்கணக்கில் வழி குறுகிக்கொண்டே வரும். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குறைந்த ரத்தமே சதைக்குப் போதும். நடந்தால் சதை கூடுதல் ரத்தம் கேட்கும், குழாயால் கொடுக்க முடியாது, வலிக்கும். நின்றால் தேவை குறைந்து வலியும் அடங்கும். அம்மா சொன்ன அந்த ஒரு வரியில் நோயின் முழு இலக்கணமும் இருந்தது. கேட்க ஆள்தான் இல்லை.

அம்மாவுக்காவது வலி இருந்தது. பல பெண்களுக்கு அதுவும் இருப்பதில்லை. சர்க்கரை பாத நரம்பை மரத்துப்போகச் செய்துவிடுவதால் எச்சரிக்கை மணி அடிக்காமலே போய்விடும். வேறு சிலர் வலி வருகிற தூரத்துக்கு நடப்பதையே விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குள்ளேயே நாலடி நடக்கிற கிழவிக்குக் கால் வலி எப்படித் தெரியும்? மாதவிடாய் நிற்கும்வரை பெண்ணுக்கு இருதய நோய் அவ்வளவாக வராது என்று பொதுவாகச் சொல்வார்கள். சர்க்கரை வந்தால் அந்தப் பாதுகாப்பும் கரைந்துபோகும்.

2009-ல் இடது காலின் சுண்டுவிரல் ஒரு மேஜைக் காலில் இடித்துக்கொண்டது. சின்னக் காயம். மஞ்சள் வைத்தாள். பத்து நாளில் விரல் கறுத்துவிட்டது. நகரத்திலுள்ள பெரிய ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கேதான் முதன்முதலாக அவள் காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். பதினோரு வருஷம் சர்க்கரை மாத்திரை தின்ற பிறகு எடுத்த முதல் ஸ்கேன். அது நோயைக் கண்டுபிடிக்க எடுத்தது இல்லை. எந்த இடத்தில் வெட்டினால் புண் ஆறும் என்று பார்க்க எடுத்தது. அந்த வருஷம் விரல் போனது. அடுத்த வருஷம் கால் போனது. 2012-ல் மாரடைப்பில் அவளே போய்விட்டாள். காலில் அடைக்கிற அதே நோய்தான் நெஞ்சிலும் அடைக்கிறது. கால் முன்கூட்டியே சொல்லிவிட்டது, நாங்கள்தான் கேட்கவில்லை.

எங்கள் பெண்களுக்கு ஸ்கேன் என்றால் ஒரே அர்த்தம்தான். முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது, 1995-ல், எனக்கும் எடுத்தார்கள். அம்மா கூட வந்தாள். அந்தக் கருவி எதற்கெல்லாம் பயன்பட்டது என்று நமக்குத் தெரியும். பெண் கருவைக் கண்டுபிடித்து அழிப்பதைத் தடுக்க 1994-ல் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. கர்ப்பப்பையில் என்ன இருக்கிறது என்று பார்க்க அத்தனை ஆர்வம். கர்ப்பப்பையின் வேலை முடிந்த பிறகு அந்த உடம்பை எந்தக் கருவியும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே ஒலியலைதான், உடம்புக்குள் போய் முட்டித் திரும்பி வந்து கழுத்திலும் காலிலும் ஓடுகிற ரத்தத்தைக் காட்டக்கூடியது. கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், வலியும் இல்லை.

நம் சென்னையிலேயே அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். நான் மேலே சொன்ன அதே ஆய்வின் பகுதியாகச் சிலருக்குக் கழுத்துத் தமனியை அல்ட்ராசவுண்டில் பார்த்து, அதன் சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளந்தார்கள். சர்க்கரை இல்லாதவர்களுக்குச் சராசரி 0.74 மில்லிமீட்டர், சர்க்கரை உள்ளவர்களுக்கு 0.95. கால் ரத்தக் குழாய் நோயையும் பார்த்தார்கள். சர்க்கரை இல்லாதவர்களில் நூற்றுக்கு 2.7 பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 6.3 பேருக்கும் இருந்தது. இரண்டும் 2000-ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பத்திரிகைகளில் அச்சாகிவிட்டன. அம்மாவின் விரல் கறுத்தது 2009-ல். இடையில் ஒன்பது வருஷம். பெருங்களத்தூர் ரயில்வே கேட்டைத் தாண்டி எங்கள் காலனிக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

இதை எழுதுவதற்காக என் மகளை விட்டுத் தேடச் சொன்னேன். இப்படி முன்கூட்டிப் பார்ப்பதால் உயிர் பிழைக்கிறதா என்று டென்மார்க்கில் இரண்டு பெரிய சோதனைகள் நடந்திருக்கின்றன. 2017-ல் வெளிவந்த ஒன்றில் சுமார் 50,000 பேர். வயிற்றுத் தமனி வீக்கம், கால் தமனி அடைப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்து மருந்து கொடுத்ததில், ஐந்து வருஷத்தில் சாவு நூற்றுக்கு ஏழு பங்கு குறைந்தது. 2022-ல் வெளிவந்த இன்னொன்று சுமார் 46,000 பேரிடம் இன்னும் நிறையச் சோதனைகளோடு நடந்தது. அதில் சாவு கொஞ்சம் குறைந்தாலும் உறுதியாகச் சொல்லுமளவுக்கு இல்லை. இந்த இரண்டு சோதனையிலும் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் எல்லாருமே 65 முதல் 74 வயது ஆண்கள். ஒரு பெண் கிடையாது. வெள்ளைக்காரக் கிழவியே கணக்கில் இல்லாதபோது, பீர்க்கன்கரணைச் சித்தாள் கிழவி எங்கே வருவாள்?

போன வருஷம் தாம்பரம் பக்கம் ஒரு டாக்டரும் இரண்டு நர்சுப் பெண்களும் சனிக்கிழமைதோறும் காலனிகளில் வந்து சர்க்கரைக்காரர்களின் காலைப் பார்த்தார்கள். நான் எங்க பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு 72 வயது. சர்க்கரை வந்து பதினைந்து வருஷம். எனக்கும் பதினொரு வருஷமாக இருக்கிறது.

பெஞ்சில் படுக்கச் சொன்னார்கள். பெரியம்மா படுத்தாள், ஆனால் காலை மடக்கி வைத்துக்கொண்டாள்.

"கால நீட்டும்மா" என்றாள் நர்சுப் பெண்.

"வாணாம்மா. கால்லாம் வெடிப்பு. நீ போயி அதத் தொட்டுக்கினு. கையிலயே பாத்துட்டுச் சொல்லேன்."

"கையில பாத்தா கைதாம்மா தெரியும். நீட்டுங்க."

அவள் காத்திருக்காமல் பெரியம்மாவின் பாதத்தை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பாதத்தின் மேல்பக்கம் இரண்டு விரலை வைத்துத் துடிப்பைத் தேடினாள். பிறகு உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் தேடினாள். விரலிடுக்குகளைப் பிரித்துப் பார்த்தாள். பெரியம்மா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சநேரம் கழித்து மெல்லக் கேட்டாள்: "நீ எந்த ஊரும்மா? யாரு ஊட்டுப் பொண்ணு?"

இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கும். "பொன்னேரிப் பக்கம்மா" என்று மட்டும் சொன்னாள். கையை எடுக்கவில்லை.

சோதனை ரொம்பச் சாதாரணமானது. கொஞ்சநேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இரண்டு கையிலும் பிரஷர் பார்க்கிறார்கள். பிறகு அதே மாதிரிப் பட்டையைக் கணுக்காலுக்கு மேலே கட்டி, பேனா மாதிரி ஒரு முனையைக் களிம்பு தடவிப் பாதத்தில் வைக்கிறார்கள். அது கையடக்க டாப்ளர். படம் வராது, சத்தம் வரும். ரத்தம் ஓடுகிற சத்தம். ‘உஷ்ஷ்... உஷ்ஷ்...’ என்று கேட்கும். பட்டையில் காற்றடித்தால் சத்தம் நிற்கும், காற்றை விட்டால் எந்த அளவில் திரும்ப வருகிறதோ அதுதான் காலின் பிரஷர். கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுக்க வேண்டும். 0.9-க்குக் கீழே இருந்தால் குழாய் குறுகியிருக்கிறது. 1.4-க்கு மேலே போனால் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்திருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்கு இது வரும், அப்போது இந்தக் கணக்கை நம்பாமல் கால் பெருவிரலில் அளக்க வேண்டும்.

பெரியம்மாவுக்குக் கையில் 160. வலது காலில் 150. இடது காலில் 104. வகுத்தால் 0.65. ஒரு வலியும் அவள் சொன்னதில்லை. எனக்குக் கையில் 140, இடது காலில் 119. அதாவது 0.85. அம்மாவுக்குப் போனதும் இடது கால்தான். பெஞ்சில் படுத்துக்கொண்டே எனக்கு வேர்த்தது.

அந்த டாக்டர் எங்களைப் பயமுறுத்தவில்லை. பெரியம்மாவிடம் முதலில் சுருக்குப் பையைக் காட்டச் சொன்னார். வெற்றிலை, பாக்கு, புகையிலை. "புகையில மட்டும் வேணாம்மா" என்றார். கொழுப்புக்கு மாத்திரை, பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுவது, தினமும் வலி வருகிற வரை நடந்து நின்று மறுபடி நடப்பது, தினமும் ராத்திரி பாதத்தைப் பார்ப்பது, எம்.சி.ஆர். செருப்பு. அந்த மெத்தென்ற ரப்பர் செருப்பு தொழுநோயாளிகளின் மரத்துப்போன பாதங்களுக்காக வேலூரிலும் கரிகிரியிலும் உருவானது. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், யாரும் தொடாத கைகளையும் கால்களையும் தொட்டுப் பார்த்துத்தான், உணர்ச்சி போனதாலேயே அவை காயப்பட்டு அழுகுகின்றன என்று புரிந்துகொண்டார். தொடாதவனுக்கு அது தெரிந்திருக்காது.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் உணர்ச்சிவசப்பட்டு, எல்லாக் கிழவிகளுக்கும் கழுத்து ஸ்கேன் எடு என்று கோரிக்கை வைத்துவிடக் கூடாது. கழுத்துத் தமனிச் சுவரை எல்லாருக்கும் வழக்கமாக அளக்க வேண்டியதில்லை என்று 2013-ல் அமெரிக்க இருதய மருத்துவர் சங்கங்களே சொல்லிவிட்டன. ஆராய்ச்சிக்கு உதவிய அளவு தனி ஆளுக்கு உதவவில்லை. ஜி.எஸ்.டி. ரோடு நெடுக ‘பேக்கேஜ்’ போட்டு ஸ்கேன் விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். கூலிக்காரியின் பத்து நாள் கூலியைப் பிடுங்கிக்கொண்டு ஒரு கலர் படத்தைக் கையில் கொடுத்து அனுப்புவது வைத்தியம் ஆகாது. ஸ்கேனுக்கு அப்புறம் மாத்திரை உண்டா, செருப்பு உண்டா, மறுபடி பார்க்க ஆள் உண்டா என்பதுதான் கேள்வி. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாசலுக்கே வந்தன. அதே வருஷம் பீர்க்கன்கரணையும் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. வாசல்வரை வந்தவர்கள் காலையும் பார்க்க வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கையாக இருக்க முடியும்.

சர்க்கரை மாத்திரை கொடுக்கிற எந்த இடமாக இருந்தாலும், வருஷத்துக்கு ஒருமுறையாவது செருப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு பாதத்திலும் துடிப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். துடிப்பு கிடைக்காதவர்களுக்கும், நடந்தால் வலி என்பவர்களுக்கும், பல வருஷமாய்ச் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அந்தக் கையடக்க டாப்ளர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். நர்சுகளே செய்யக்கூடிய வேலை அது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை இருக்கிறது என்று 2023-ல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அதில் எத்தனை கோடிப் பாதங்களை யாராவது தொட்டிருப்பார்கள்?

தொடாததெல்லாம் சாதியா என்று கேட்பார்கள். காலையில் நூறு பேரைப் பார்க்கிற டாக்டருக்கு நேரம் எங்கே என்பார்கள். அது உண்மைதான். மேல்சாதிக் கிழவியின் காலையும் அவர் பார்ப்பதில்லை என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கிழவி காலை நீட்டிக் காட்டுவாள், பாரு என்று கேட்பாள். எங்க அம்மா காட்ட மாட்டாள். பதினோரு வருஷம் அந்த மேஜைக்கு எதிரில் அவள் காலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எட்டிப் பார்க்கவில்லை, இந்தப் பக்கம் இருந்தவள் நீட்டவில்லை. இரண்டுக்கும் நடுவில் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டே வந்தது. செருப்பைக் கழற்று, காலை மடக்கு, ஒதுங்கு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஊருக்கு அந்த வெட்டுப்பட்ட காலில் பங்கு உண்டு. தைலம் வாங்கிக் கொடுத்த எனக்கும் உண்டு.

இப்போது நானும் பெரியம்மாவும் சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்கிறோம். அவள் நின்று நின்று வருவாள். புகையிலையை முழுசாக விட்டாள் என்று சொல்ல மாட்டேன், குறைத்திருக்கிறாள். அவள் காலில் இதுவரை புண் வரவில்லை. அந்தச் சோதனையால்தான் என்று நான் நிரூபிக்க முடியாது. ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்கப் போனபோது வேறொரு நர்சுப் பெண் இருந்தாள். பெரியம்மா பெஞ்சில் படுத்ததும், யாரும் சொல்லாமலே இரண்டு காலையும் நீட்டினாள்.

"நல்லாத் தொட்டுப் பாரும்மா" என்றாள். "அவசரமில்ல."